எழுபது கிலோ

எழுபது கிலோ குறைந்தது.

ஜெபஸ்டின் மறுபடியும் கூட்டிப் பார்த்தான். இரும்பு மேடையின் சொந்த எடை சரி. கைப்பிடிக் கம்பிகளின் எடை சரி. மீட்டரும் மில்லிமீட்டரும் எங்கும் குழம்பவில்லை. தூண்கள் பாறையில் ஊன்றிய இடங்களும் சரி. மேடையில் நின்ற ஆட்களின் பாரம்தான் இடித்தது.

பட்டியலில் இருபத்தொரு பேர். தலைக்கு எழுபது கிலோ. சிறிசு பெரிசு பார்ப்பதில்லை. ஆயிரத்து நானூற்று எழுபது வரவேண்டும். கம்ப்யூட்டர் மாடலில் ஆயிரத்து நானூறுதான் இருந்தது.

'ரன்' கொடுத்துவிட்டால் அது இதையெல்லாம் கேட்காது. போட்டதை வைத்து விடை சொல்லும். தப்பான கணக்கையும் சிவப்பும் பச்சையுமாகத் தீட்டி அழகாகக் காட்டும். அதனால் அந்த ஆபீசில் ஒரு வழக்கம்: மாடல் செய்தவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. இருப்பதே இரண்டு இன்ஜினியர்கள். வித்யாலட்சுமி செய்தாள். அவன் பார்க்கிறான்.

ஜன்னலுக்குக் கீழே குற்றாலம் போகிற வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. சாரல் தொடங்கி நான்கு நாள்.

போன சீசனில், குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் அந்த மேடை ஒடிந்து விழுந்தது. ஓடைக்கு மேலே நீட்டிக் கட்டியது. அதில் நின்றால் அருவி தெரியும். 'ஒரே நேரத்தில் இருபது பேர்' என்று போர்டு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஏறினார்கள், அதனால் விழுந்தது என்கிறது ரிசார்ட். வெல்டிங் மோசம், இருபது பேரையே தாங்கியிருக்காது என்கிறார்கள் செத்தவர்களின் வீட்டார். ஏழு வீடு.

யார் சொல்வது சரி என்று விசாரணைக் குழுவுக்கு இந்த மாடல் சொல்ல வேண்டும்.

இந்த வேலை நமக்கு வேண்டாம் என்றுதான் முதலாளி பெஞ்சமின் அண்ணாச்சி சொன்னார். ஜெபஸ்டின்தான் விடாப்பிடியாக வாங்கவைத்தான்.

உள்ளறையிலிருந்து அவர் சத்தம் போட்டார்.

"ஏலே, நாலு மணிக்கு ரிசல்ட்டு கேக்காங்க. இன்னும் என்னத்தலே நோண்டுத? பொண்ணு பாக்கப் போனவன்கூட இம்புட்டு நேரம் பாக்கமாட்டாம்லே."

சொன்ன பிறகு எழுந்து வந்து அறைக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

மேடையைச் சிறுசிறு கட்டங்களாக வெட்டி, கட்டத்தின் மூலைக்கு மூலை ஓர் எண் கொடுத்திருந்தாள் வித்யா. போலீஸ் தந்த நாற்பத்தொரு விநாடி வீடியோவைப் பார்த்து, ஒவ்வொருவரையும் அவரவர் நின்ற எண்ணில் வைத்திருந்தாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் பார்த்தாள். அவன் இருக்கும்போது ஒருநாளும் பார்த்ததில்லை.

பட்டியலில் விரல் வைத்து இறங்கினான்.

கோமதியம்மாள், 61. மாடலில் 118-இல் இருக்கிறாள். மெஹர் பானு, 34. 131-இல் இருக்கிறாள். அவள் மகள் ஃபாயிஸா, 6. பக்கத்திலேயே 132. அவளுக்கும் எழுபது.

இருபது பேர் இருந்தார்கள்.

கடைசி வரி: பெர்சிஸ், 26, க/பெ ஜெபஸ்டின்.

அவளை எங்கேயும் நிறுத்தவில்லை.

வித்யா அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "இருபதுன்னா ரிசார்ட்காரங்க வாயத் தொறக்க முடியாதுல்லாண்ணே."

மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குக் கை வரலண்ணே" என்றாள்.

அவன் 214-ஐத் திறந்தான். வீடியோவில் முக்கால்வாசி நேரம் பெர்சிஸ் அங்கேதான் நிற்கிறாள். மஞ்சள் சுடிதார். ஈர முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டே இருக்கிறாள். எழுபது என்று அடித்தான். அவள் நாற்பத்தொன்பதுதான் இருந்தாள்.

கூட்டினான். ஆயிரத்து நானூற்று எழுபது. இப்போது இடிக்கவில்லை.

போர்டில் போட்டதற்கு ஓர் ஆள் கூடுதல். அந்த ஆள் அவள்.

வித்யா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கவில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். சரிபார்ப்புத் தாளில் ஒரு வரி மிச்சம் இருந்தது. 'ஆட்கள் நின்ற இடம்: விழுவதற்கு முன்னால் அல்ல, விழுந்த கணத்தில்.'

வீடியோவை முப்பத்தாறாவது விநாடிக்குத் தள்ளினான். பெர்சிஸ் போனைப் பார்த்து என்ன என்பதுபோல் தலையை ஆட்டுகிறாள். சிரிக்கிறாள். முப்பத்தெட்டில் ஒரு காலைப் பின்னால் வைக்கிறாள். முப்பத்தொன்பதில் படம் சாய்கிறது.

ஒரு காலடி. ஒரு கட்டம். 214-க்குப் பின்னால் 215. அதற்குப் பின்னால் எண் கிடையாது. மேடையின் நுனி அது. நீட்டிக் கட்டியதில் நுனிக்குப் போகப் போக அதே எடை அதிகமாக இழுக்கும். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அவன் ஸ்பீக்கரைத் திறக்கவில்லை. போன் அவனுடையது. கரையில் நின்று பிடித்தவன் அவன். அந்த விநாடியில் கேட்கும் குரலை அவன் தினமும் கேட்கிறான்.

"ஏட்டி, இன்னும் ஒரு எட்டு பின்னால போ. அருவி தெரியல."

214-இல் இருந்த எழுபதை அழித்தான்.

215-இல் போட்டான்.