சங்குக்குள் எழுதிய கதை

கடற்கரையில் காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று இருந்தது. பகலெல்லாம் கரை ஒதுங்கிய மீனைக் கிள்ளி வயிற்றைக் கழுவும். வேலை முடிந்ததும் சங்கின் உள்சுவரில் கொடுக்கு நுனியால் ஒரு கதையைக் கீறும். ஒரு நாளைக்கு ஒரு வரிதான் முடியும்.

கதை முடிய ஒரே ஒரு வரி பாக்கி இருந்தபோது உடம்பு பெருத்துவிட்டது. சங்கு இறுக்கியது, மூச்சு முட்டியது. அன்று காலை அலை ஒரு பெரிய சங்கைக் கொண்டுவந்து போட்டது. நண்டு அதற்குள் போனால்தான் அதன் பழைய சங்கு அடுத்த நண்டுக்குக் கிடைக்கும். பின்னால் ஏழு நண்டுகள் அளவுவாரியாக வரிசை கட்டிவிட்டன.

“அண்ணே, உள்ளே என்ன பண்றீங்க? தண்ணி ஏறுது!” என்றது முதலில் நின்ற நண்டு.

“ஒரே ஒரு வரி, தம்பி.”

“நாலு மாசமா தினமும் இதையேதான் சொல்றீங்க. பெரிய சங்கை அலை திரும்ப எடுத்துட்டுப் போச்சுன்னா, கதையோட சேர்ந்து நீங்களும் உள்ளேயே நசுங்கிச் சாக வேண்டியதுதான்.”

அலை பெரிய சங்கை லேசாக நகர்த்தியது. நண்டு வெற்றுடம்போடு இறங்கி அதற்குள் புகுந்துகொண்டது. உள்ளே தாராளமாக இடம் இருந்தது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

பழைய சங்குக்குள் குடியேறிய தம்பி நண்டின் குரல் சலிப்பாக வந்தது.

“என்ன அண்ணே, சுவரெல்லாம் கிறுக்கி வச்சிருக்கீங்க? முதுகைக் குத்துதே.”



“குடியிருக்கக் குடியிருக்கத் தேய்ஞ்சிடும், தம்பி” என்றது நண்டு.

பிறகு அந்த வெறும் சுவரில், எழுதாமல் விட்ட கடைசி வரியைக் கீற ஆரம்பித்தது.