கண்ணை மூடிப் பார்த்த படம்

படம் ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டீச்சருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா இரண்டு கைகளாலும் கண்களை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாவுக்கு அடுத்த பக்கம் அவருடைய மகள். அவளோ கண்கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாலோவீன் என்னும் பேய்த் திருவிழா ராத்திரியில் நடக்கும் ஐந்து குட்டிப் பேய்க் கதைகள். வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் பிள்ளைகளோடு ஒரு நிஜப் பேயும் வரிசையில் நின்றது. "உன் வேஷம் சுமார்தான்" என்று வீட்டுக்காரி விரட்டினாள். பேய்க்கு ரோஷம் வந்துவிட்டது. சிரித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு!

தியேட்டரே அலறியது. அலறியதை நினைத்து உடனே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரின் பாப்கார்ன் பாதி தரையில்.

அடுத்த கதையில், பல்வலி என்று டாக்டரிடம் போன எலும்புக்கூடு. அதன் சிரிப்பு வேறு மாதிரி. அதற்கடுத்த குழந்தைப் பேயின் சிரிப்புக்கு டீச்சரே காதைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்து அம்மா இருக்கைக்குள்ளேயே ஒடுங்கிக்கொண்டார். ஆனால் பேய் சிரிக்கும்போதெல்லாம், மூடிய கண்ணோடு அவரும் சிரித்தார்.

'ஐயோ, பயத்தில் புத்தி பேதலித்துவிட்டதா!' என்று பதறினாள் டீச்சர்.

ஊரைத் திருத்தாவிட்டால் டீச்சருக்குச் சோறு இறங்காது. இடைவேளையில் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, பயப்படுற மனுஷியை இப்படியா பேய்ப் படத்துக்கு இழுத்துட்டு வருவே? அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கே குலை நடுங்குது. உங்கம்மா எப்படித் தாங்குவாங்க?"

அந்தப் பெண்ணின் முகம் பூவாக மலர்ந்தது. பதில் மட்டும் வரவில்லை.

டீச்சருக்கு எரிந்தது. "வாயைத் திறந்து பதில் சொன்னா முத்தா உதிர்ந்துடும்? இருபது வருஷமா டீச்சர் நான். எத்தனை திமிர் பிடிச்ச பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன்!"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சர்" என்றார் அம்மா. "இருட்டுல அடுப்படிக்குக்கூடத் தனியா போக மாட்டேன் நான். ஆனா இந்தப் படத்துக்கு வந்தே தீருவேன்னு அடம்பிடிச்சது நான்தான்."

பெற்ற மனம் பித்து, விட்டுக்கொடுக்குமா என்று டீச்சர் முணுமுணுத்தாள்.

படம் முடிந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை; வழி கிடைக்காமல் டீச்சரும் நின்றாள். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும்தான் அந்த அம்மா கையை எடுத்துக் கண்ணைத் திறந்தார்.

"அதோ! அதோ!"

'ஐந்து பேய்களின் சிரிப்புக் குரல்' என்ற வரிக்கு எதிரே ஒரே ஒரு பெயர்.

"என் பொண்ணு!" அம்மாவின் கண்ணில் நீர் திரண்டது.

டீச்சர் மகள் பக்கம் திரும்பினாள். "அஞ்சு சிரிப்பும் நீயாம்மா? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொ... சொ... சொல்ல..."

வார்த்தை அந்தப் பெண்ணின் நாக்கில் சிக்கிக்கொண்டது. அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பள்ளிக்கூடத்துல இவ பேசினா வகுப்பே சிரிக்கும் டீச்சர். இன்னிக்கு இவ சிரிச்சா, தியேட்டரே அலறுது!"