குகைக்குள் யார்?

"குகை வாசலில் இளவரசியின் சிலம்பு கிடந்தது. பறக்கும் குதிரை மிரண்டு கனைத்தது. உள்ளே இரண்டு கண்கள் நெருப்பாய் மின்னின. இளவரசன் வாளை உருவினான்..."

சார்லஸ் பட்டென்று புத்தகத்தை மூடினார். "மிச்சம் புதன்கிழமை."

"அடப் பாவி மனுசா! உள்ள யாருங்க சார்?" பக்கத்துக் கட்டிலில் ஆண்டியப்பன் பதறினார். கையில் டயாலிசிஸ் டியூப் மட்டும் இல்லையென்றால் எழுந்தே வந்திருப்பார்.

"புதன்கிழமை வாங்க, சொல்றேன்."

நர்ஸ் அன்புச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுக்கோட்டையில் அந்த வார்டுக்கு வந்ததிலிருந்து பார்க்கிறாள், இதே கூத்துதான். ஆவூர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் சார்லஸ், தானும் டயாலிசிஸுக்குப் படுத்தபடியே வாசிப்பார். வல்லத்திராக்கோட்டை விவசாயி ஆண்டியப்பன் வாயைப் பிளந்து கேட்பார். நல்ல கட்டத்தில் புத்தகம் மூடிக்கொள்ளும்.

ஆண்டியப்பன் கிளம்பிப் போனதும் சார்லஸைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சார், முடியாத மனுசனை இப்படியா ஏங்க விடுறது? கதையை முடிச்சுத் தொலைச்சா என்ன? நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க பக்கத்தையே திருப்பலை!"

சார்லஸ் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார்.

"கதை பொங்கலுக்கே முடிஞ்சிருச்சு சிஸ்டர். இளவரசனுக்குக் கல்யாணமும் ஆயிருச்சு."

"அப்ப இப்ப வாசிக்கிறது?"

"நானா அவுத்து விடுறது. 'இந்தக் கதை முடியிற வரைக்கும்தான் வருவேன், அப்புறம் எவன் இந்த ஊசிக்குத்து வாங்குறது'ன்னு அவரு ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு. டயாலிசிஸை விட்டா ஆளு தாங்குவாரா சொல்லுங்க? அதான் கல்யாணத்தன்னைக்கே பொண்ணைத் தூக்கிட்டுப் போக வச்சுட்டேன்."

அன்புச்செல்விக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

புதன்கிழமை. சார்லஸை இன்னும் காணோம். ஆண்டியப்பன் ஊசி போடவே விடவில்லை.

"அவரு வரட்டும் ஆத்தா."

"குகைக்குள்ள யாருன்னு தெரியாம இருப்புக் கொள்ளலையோ? நல்ல கதைப் பைத்தியம்தான் ஐயா நீங்க!"

"அட நீ வேற. அந்தப் புத்தகத்துல குகையே கிடையாது ஆத்தா."

அன்புச்செல்வி ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"வயசுல நாலு தரம் படிச்சவன் நான். இளவரசன் ஜெயிப்பான்னு தெரியும், ஆனாலும் நெஞ்சு அடிச்சுக்கும். காடு காஞ்சு கெடந்த வருசத்துலயும் அதைப் படிக்கிற நேரம் நான் குதிரையில போனேன். இவரு கட்டி விடுறது அதைவிட ஜோரு! ஊசி வலியே தெரியலை. அந்தப் புண்ணியவானுக்குக் கோயிலே கட்டலாம்."

"அப்ப எதுக்குக் கதை முடிஞ்சா வரமாட்டேன்னு சொன்னீங்க?"

"அவரு சம்சாரம் செத்ததுக்கு அப்புறம் பாதி நாளு டயாலிசிஸுக்கே வராம இருந்தாரு. 'இனிமே நான் இருந்து என்ன செய்யப் போறேன்'னாரு."

வாசலில் சார்லஸின் தலை தெரிந்தது, கக்கத்தில் புத்தகத்தோடு. ஆண்டியப்பன் முகமெல்லாம் சிரிப்பாகி, சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"நான் வரமாட்டேன்னு சொன்னாத்தானே ஆத்தா, அவரு வருவாரு!"