ஒன்பதாவது சட்டை

ஒன்பது பேர். ஒன்பது பேரும் டி-சர்ட் அனுப்பச் சொல்லிக் கொடுத்திருந்த விலாசம் ஒன்றேதான். முகமது பாரூக் பிரவுசிங் சென்டர், திண்டுக்கல்.

"இது ஒரே ஆளோட வேலைங்க. ஒன்பது பொய்ப் பேரை வச்சுக்கிட்டு ஒன்பது டி-சர்ட்டை அமுக்கப் பாக்கறான். நேர்லயே போயிப் புடிக்கறேன்" என்று நண்பனிடம் போனில் பொரிந்துவிட்டுக் கோயமுத்தூரில் பஸ் ஏறினான் விக்னேஷ்குமார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதற்குத் தமிழில் உதவிப் பக்கங்கள் எழுதுகிற கூட்டத்தில் இவன் ஒருவன். ஆபீஸ் நேரம் போக மீதியெல்லாம் அதற்கே அழுதுகொண்டிருந்தான். பக்கங்களில் எழுத்துப் பிழை, அமுக்கினால் எங்கேயும் போகாத லிங்க் என்று ஏகப்பட்ட குளறுபடி. 'ஐந்து பிழை திருத்தினால் ஒரு டி-சர்ட்' என்று இணையத்தில் அறிவித்தவனும் இவன்தான், வருகிற திருத்தங்களைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறவனும் இவன்தான். இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

பேரையாவது ஒழுங்காக வைத்தானா அந்தத் திருடன்? ஒன்பதில் ஒன்று பேச்சாயியாம். கம்ப்யூட்டர் தட்டுகிற பெண்ணுக்கு இந்தக் காலத்தில் எவன் பேச்சாயி என்று பேர் வைக்கிறான்?

பழனி தாண்டும்போது பாலசமுத்திரத்தில் இருக்கிற அம்மாவைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு கோபம்.

"ஏனுங்க பாய், இங்கிருந்து உதவிப் பக்கம் திருத்தறது யாருங்க?" என்று பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்ததுமே கேட்டான்.

பாரூக் உள்ளே கை காட்டினார். "அவங்களா? மெதுவாப் பேசுங்க தம்பி. கடைசி நாளுன்னு மும்முரமா இருக்காங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்று கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் மூன்று பெண் பிள்ளைகள். இரட்டைச் சடையும் புழுதிக் காலுமாக, திரையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கழுத்தில் விசிலோடு ஒரு அம்மா.

இவன் யாரென்று சொன்னதும் அந்த அம்மா பதறி எழுந்தார். "நான் பாத்திமா சார். தாடிக்கொம்புப் பக்கம் ஒரு ஸ்கூல்ல பி.டி. டீச்சர். ஏதும் தப்பாப் போச்சா?"

"நீங்களே திருத்திட்டுப் புள்ளைங்க பேரைப் போட்டீங்களா டீச்சர்?"

"நல்லாக் கேட்டீங்க. மெயில் தொறக்கவே எனக்கு இவளுகதான் சொல்லித் தரணும்."

"அப்புறம் எதுக்குங்க இம்புட்டுப் பாடு?"

"வர்ற வெள்ளிக்கிழமை மாவட்ட கோ-கோ போட்டி சார். ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரிச் சட்டை இல்லேன்னா உள்ள விட மாட்டாங்க. போன வருசம் வாசலோட திருப்பி அனுப்பிட்டாங்க. வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தாளுக. உங்க அறிவிப்பை பாய்தான் படிச்சுச் சொன்னாரு."

விக்னேஷ் அப்போதும் நம்பவில்லை. பக்கத்திலிருந்த ஜீவிதா என்கிற பிள்ளையைக் கேட்டான். "நீ என்னம்மா கண்டுபுடிச்ச?"

"படம் வரையிற பக்கத்துல 'மேலும் அறிய'ன்னு இருக்குல்ல, அதை அமுக்குனா அச்சடிக்கிற பக்கத்துக்குப் போச்சு சார். அம்புட்டு லிங்க்கையும் ஒண்ணு விடாம அமுக்கிப் பாத்தேன்."

அந்தத் திருத்தத்தைப் போன வாரம் இவன்தான் ஏற்றுக்கொண்டான். நினைவு வந்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஏற்றுக்கொண்ட திருத்தங்களின் பட்டியலைப் போனில் திறந்து பார்த்தான். எட்டுப் பேருக்கு ஐந்து ஐந்து இருந்தது. பேச்சாயிக்கு மட்டும் நாலு.

"அவ அஞ்சாவதா அனுப்புனதை வேற ஒருத்தி முன்னாடியே அனுப்பிட்டா சார்" என்றார் பாத்திமா. "ஒண்ணுதானே, பாத்துப் போட்டுக்கங்களேன். ஒருத்திக்குச் சட்டை இல்லேன்னா ஒன்பது பேரும் ஆட முடியாது."

"பட்டியலை எல்லாரும் பாக்கறாங்க டீச்சர். ஒருத்தருக்கு விதியை வளைச்சா எல்லாருக்கும் வளைக்கோணும்."

சொல்லிவிட்டானே தவிர, மனசு கேட்கவில்லை. கடைசி கம்ப்யூட்டரில் பேச்சாயி என்கிற அந்த ஒல்லிப் பெண், தலையைத் தூக்காமல் ஒவ்வொரு லிங்க்காக அமுக்கிக்கொண்டிருந்தாள். மணி நாலரை.

"பாய், முன்னாடி ஒரு சிஸ்டம் குடுங்க. ஆபீஸ் மெயில் பாக்கோணும்."

பார்த்தது மெயில் அல்ல. உதவிப் பக்கங்களின் முதல் பக்கத்தைத் திறந்தான். இரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த பக்கம் அது. அதில் நன்றாக இருந்த ஒரு லிங்க்கைத் தன் கையாலேயே உடைத்தான்.

ஒன்றும் தெரியாதவன் போல உள்ளே போனான். "கண்ணு, முதல் பக்கத்தைப் பாத்துட்டியா?"

"காலைலயே பாத்துட்டேன் சார். எல்லாம் சரியா இருந்துச்சு."

"எதுக்கும் இன்னொருக்கா பாரேன்."

பேச்சாயி திறந்தாள். அமுக்கினாள். வேறு எதையோ திறந்து படித்தாள். திரும்பி இவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி திரைக்குள் போய்விட்டாள். விக்னேஷ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி நாலு ஐம்பது ஆயிற்று, ஐம்பத்தைந்தும் ஆயிற்று.

"சார்" என்று கூப்பிட்டாள், டீச்சர் காதில் விழாமல்.

"அந்த லிங்க்கைச் சரி பண்ணிட்டேன். ஆனா அது எனக்கு வேணாம் சார், உடைச்சது யாருன்னு அந்தப் பக்கத்தோட திருத்த வரலாத்துலயே பேரு போட்டிருக்கு. எனக்கு நெசமாவே ஒண்ணு கெடைச்சிருச்சு, திருத்தி அனுப்பிட்டேன். டி-சர்ட்டுக்கு நீங்க எழுதுன விதிமுறைப் பக்கம் இருக்குல்ல, அதுல கடைசி லிங்க் எங்கயும் போகலை."