மைக் அலமாரிச் சாவி

"இந்தக் கம்பெனிக்காரங்களுக்கு மண்டையில மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

பூங்கொத்துக்குள்ளிருந்து அந்தப் பாட்டிலை உருவி எடுத்தபடி காது சார் கத்தினார்.

கத்தாமல் என்ன செய்வார்? குடியில் விழுந்து, அதிலிருந்து எழுந்து வந்த ஒரு ஆளின் கதையை ஒன்பது பாட்டாகச் சொல்கிறது அந்த ராக் இசைக்குழுவின் ஆல்பம். எட்டுப் பாட்டு முடிந்துவிட்டது. இன்று காலை ஒன்பதாவது, 'வெறும் தண்ணீர்'. அதற்கு வாழ்த்துச் சொல்லி ஆல்பம் கம்பெனி அனுப்பியிருந்தது ஒரு முழு பாட்டில் விஸ்கி!

காது சார் அந்த ஸ்டுடியோவின் ஒலிப்பதிவாளர். பக்கத்து அறையில் குண்டூசி விழுந்தாலும் எந்த மூலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவார் என்பதால் அந்தப் பெயர்.

'தம்பி வர்றதுக்குள்ள இதை ஒளிச்சாகணும்' என்று பரபரத்தார்.

தம்பிதான் பாடகன். 'நான் விழுந்தேன், நான் எழுந்தேன்' என்று அவன் உருகிப் பாடும்போதெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காது சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பட்டவன் பாடினால்தான் இப்படி வரும் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அவருடைய மைத்துனர் ஒருவர் எழுந்து வராமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பிள்ளையாவது தப்பிக்க வேண்டும். தன் ஸ்டுடியோவில் வைத்து இவனைச் சறுக்க விடக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

கொட்டிவிடலாம் என்றால் வாடை நாள் முழுக்க நிற்கும். அதுவே அவனை இழுத்துவிடும். பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு டிரம்ஸ் அறைக்கு ஓடினார். அங்கே விலை உயர்ந்த மைக்குகளை வைத்துப் பூட்டும் இரும்பு அலமாரி இருந்தது.

தம்பியின் கூடப் பிறந்த அக்கா அங்கே டிரம்மின் தோலை இறுக்கிக்கொண்டிருந்தாள். வயதில் மூத்த காது சார் உட்பட அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். டிரம்மின் ஓரத்தில் ஒட்டிய டேப்பில் 211 என்று எழுதியிருந்தாள். நேற்று 210. தோலின் இறுக்கத்தை அளந்து தினம் குறித்து வைக்கிறாள் போலிருக்கிறது, என்ன ஒழுங்கு என்று காது சார் மெச்சிக்கொள்வார்.

பாட்டிலை உள்ளே வைத்துப் பூட்டினார். விஷயத்தைச் சொல்லிச் சாவியை அவளிடம் நீட்டினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா."

அவள் சாவியையே பார்த்தாள். "என்கிட்டயா?"

"பின்னே? எனக்கு இளகின மனசு. தம்பி ரெண்டு தடவை கெஞ்சினா நானே எடுத்துக் குடுத்துடுவேன். உங்ககிட்ட அந்தப் பருப்பெல்லாம் வேகாது."

டேப்பில் எழுதிய எண்ணை ஒரு தடவை விரலால் தடவினாள். பிறகு கையை நீட்டினாள்.

"குடுங்க சார். ஆனா ஒண்ணு. இன்னைக்குப் பாட்ட முடிக்காம நான் இந்த ரூம விட்டு வெளிய வர மாட்டேன்."

தம்பி வந்தான். பாடும் அறையில் நின்று தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். குரலும் டிரம்ஸும் மட்டும்தான் அந்தப் பாட்டு.

முதல் தடவை பாதியிலேயே கெட்டது. தாளம் தப்பாத அக்கா அன்று வேகமெடுத்து ஓடினாள்.

"அக்கா, ஓடுறீங்க."

"தெரியுது சார். இன்னொரு தடவை."

இரண்டாவது தடவை காது சாரின் காதில் ஏதோ உறுத்தியது. "என்னமோ கிணுகிணுங்குதே?"

"என் பாக்கெட்ல இருக்கறதுதான் சார்." அவள் குனிந்து ஷூவைக் கழற்றி, எதையோ உள்ளே போட்டு, மறுபடி மாட்டிக்கொண்டாள். கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

தம்பியோ கண்ணாடி வழியாக டிரம்ஸ் அறையையே வெறித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நேர் பின்னால் அந்த அலமாரி. காது சார் எட்டி அதன் பூட்டைப் பார்த்தார். 'பய மோப்பம் புடிச்சுட்டானோ?'

"கடைசித் தடவை சார், போடுங்க" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

இந்தத் தடவை ஒரு அடி பிசகவில்லை. 'கை நடுங்காமல் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர்' என்று தம்பி முடித்தபோது காது சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆல்பம் முடிந்தது!

அதே நேரம் தம்பியின் போன் அடித்தது. இரண்டு வார்த்தை கேட்டான். முகம் வெளுத்துப்போய் ஓடி வந்தான்.

"சார், கம்பெனியிலிருந்து பாட்டில் வந்துச்சாமே? எங்க அது?"

காது சார் கதவை மறித்து நின்றார். "கிடைக்காது தம்பி. பாடினதெல்லாம் அதுக்குள்ள மறந்து போச்சா?"

"ஐயோ, எங்க வச்சீங்க சார்?"

"டிரம்ஸ் ரூம் அலமாரியில. பூட்டியாச்சு. சாவி அக்காகிட்ட. இப்ப என்ன பண்ணுவே?"

"அக்காகிட்டயா?" அவன் அப்படியே நாற்காலியில் சரிந்தான்.

டிரம்ஸ் அறையின் கதவு திறந்தது. ஒரு கால் ஷூ கையில் தொங்க, வியர்வையில் நனைந்து அக்கா நொண்டி நொண்டி வந்தாள். சாவியைக் காது சாரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"பூட்டினது பூட்டினபடி இருக்கு சார், போய்ப் பாத்துக்கோங்க. டிரம்ல நான் தினம் எழுதுறது தொடாம இருந்த நாள் கணக்கு. இன்னைக்கு இருநூத்திப் பதினொண்ணு" என்றவள், தம்பியின் தலையைக் கோதிவிட்டாள். "இவன் ஒரு சொட்டு தொட்டதில்ல. பாடினதுதான் இவன், குடிச்சவ நான்."