கிரகணத்துக்கு நான்கு இருக்கைகள்

வீட்டில் எல்லோருடைய உடல்நிலையையும் கணிக்கும் கைப்பட்டைகளின் செய்தி குடும்பத் தலைவர் திரைக்கே வர வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் நான். அதனால் வேதாரண்யம் கடற்கரைக்குக் கிரகணம் பார்க்கப் போக, கைப்பட்டைகளைப் படித்து இருக்கை ஒதுக்கும் வண்டியின் தகவலும் எனக்கு மட்டும்தான் வந்தது.

“பயணிகள் நால்வர். பூங்கோதை கருவுற்றிருப்பதால் அவருக்குக் குலுங்காத இருக்கை.”

பூங்கோதை என் பேத்தி. இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அவள் எதிரே உட்கார்ந்து என் கிரகணக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “தாத்தா, வீரம் காட்டறேன்னு முன்னாடியே கழட்டிடாதீங்க.”

கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சியை வெளியே விடுவது எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆனால் அவளை மட்டும் வராதே என்றால் காரணம் கேட்பார்கள். கத்தலாம். பத்து வருஷத்துக்கு முன்பென்றால் கத்தியிருப்பேன். இப்போது அலுப்பாக இருந்தது.

செய்தியை அழித்தேன்.

“இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நான் வரல. பூங்கோதை துணைக்கு இருக்கட்டும்.”

புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். மகனுக்குக் கோபம். “ஆறு மாசமா போகணும் போகணும்னு உயிரை எடுத்தது நீங்கதானேப்பா!”

“வரலேன்னா வரல.”

இருவரும் முணுமுணுத்தபடி கிளம்பினார்கள். நான் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். பூங்கோதை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இடுப்பு நல்லாத்தானே இருக்கு தாத்தா?” என்றாள்.

“கிரகணம் பிடிக்கறதுக்குள்ள சாப்பிட்டுடு. வயித்தைக் காயப்போடாதே,” என்றேன். “அப்புறம் அந்தப் பையன் யாருன்னு சொல்லு.”