அத்தான் ஆட்டுப் புழு

"எழுதிக் கொடுங்க டாக்டரம்மா. அவர் ஆட்டுப் புழு என் நிலத்துல பரவுதுன்னு ரெண்டே வரி. கையெழுத்தும் சீலும் வேணும்."

ஆட்டுக்காரர் நின்றுகொண்டே பேசினார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. சட்டைப் பையில் புகார் மனு மடித்து வைத்திருந்தது. டாக்டரின் சீட்டைச் சேர்த்தால் நேரே ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான்.

ஆட்டு வயிற்றுப் புழுவைப் பற்றியே பதினைந்து வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவர் அந்த அம்மா. சுற்று வட்டாரத்தில் புழு டாக்டர் என்றால்தான் தெரியும்.

"யார் ஆட்டுப் புழு?" என்று கேட்டார் டாக்டர்.

"வேற யாரு, எங்க அக்கா புருஷன்தான்."

மழை விழுந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாராம் அத்தான். விடிந்தால் நாற்பது ஆடும் இவர் நிலத்தில் நிற்கிறது. பத்து மணி வரைக்கும் மேய்கிறது. கேட்டு அனுப்பினால், வேலியை ஆடு பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம்.

"கம்பியை அறுக்க ஆட்டுக்கு மேல்வரிசை முன்பல்லே கிடையாது. அவருக்குத்தான் வாய் நிறைய இருக்கு. வீம்பு, டாக்டரம்மா. நான் அழியணும்னு வீம்பு."

அழியத்தான் இருந்தார். அறுபது ஆடு பத்தொன்பதாகிவிட்டது. மாதம் தவறாமல் புழு மருந்து ஊற்றியும் ஒவ்வொன்றாகக் கண் வெளுத்து, தாடை வீங்கி விழுந்தது. புழு டாக்டர் சொன்னபடி கோடை முழுக்க ஆடுகளைக் கொட்டிலில் கட்டித் தீனி வாங்கிப் போட்டார். நிலத்தைச் சும்மா போட்டார். இந்தப் பத்தொன்பதும் போனால் தொழிலே போச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் அத்தான் வேலியை அறுத்திருக்கிறார்.

பகை பழசு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கால்நடை முகாமில் புழு மருந்து ஊற்றிய மறுநாள் அத்தானின் கடா செத்தது. மருந்துதான் கொன்றது என்றார் அத்தான். மருந்து இல்லை, தீனி போடாத உங்க கஞ்சத்தனம்தான் கொன்றது என்று இவர் நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டார். அன்றைக்கே அத்தான் சத்தியம் பண்ணினார். இனி என் ஆட்டுக்கு மருந்தும் கிடையாது, அவன் முகத்தில் நான் முழிக்கவும் மாட்டேன்.

ரெண்டையும் இன்றுவரை காப்பாற்றுகிறார். நோஞ்சான் ஆட்டைக் கழிப்பார், தேறினதை வைத்துக்கொள்வார். ஊரே சிரிக்கும். அந்தச் சத்தியத்தால்தான் அக்கா வீட்டு வாசலை இவர் மிதித்து ஒன்பது வருஷம்.

"ஒரு மாசமா நானும் அங்கதான் மேய்க்கிறேன். விடியற்காலை அவர் ஆடு, பத்து மணிக்கு மேல என் ஆடு. அவர் ஆடு தின்ன எச்சிலைத் தின்னுட்டுப் போகணும்னு எனக்கென்ன தலையெழுத்து?"

டாக்டர் நோட்டைத் திறந்தார். ஆட்டுக்காரர் போன வாரம் கொடுத்துவிட்டுப் போன புழுக்கையைச் சோதித்த கணக்கு அதில் இருந்தது. அதைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பிப் பழைய கணக்கையும் பார்த்தார்.

"எழுதித் தரேன். அவர் ஆட்டுப் புழு உங்க நிலத்துல பரவியிருக்கு. உங்க ஆட்டு வயித்துக்குள்ளயும் போயிருச்சு."

"அப்படிப் போடுங்க."

"முழுசாக் கேளுங்க. போன வருஷம் உங்க ஆட்டுப் புழுவுக்கு மருந்து வச்சுப் பார்த்தேன். நூத்துக்குத் தொண்ணூறு பிழைச்சிருந்துச்சு. இப்ப நூத்துக்கு எண்பது செத்துப் போச்சு."

ஆட்டுக்காரருக்குப் புரியவில்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார். மாதாமாதம் மருந்து ஊற்றினதில், மருந்துக்கு அடங்குகிற புழுவெல்லாம் செத்து, அடங்காத புழு மட்டும் பெருகிவிட்டது. இந்தப் பக்கம் எல்லார் ஆட்டிலும் அதே கதை. மருந்தே காட்டாத ஒரு மந்தையில் மட்டும் மருந்துக்கு அடங்குகிற பழைய புழு அப்படியே இருந்தது. கோடையில் காய்ந்து புழுவெல்லாம் ஒழிந்த நிலத்தில் அந்த ஆடு மேய்ந்தால், புழுக்கை வழியாக அந்தப் புழு புல்லில் இறங்கும். அந்தப் புல்லைத் தின்கிற ஆட்டுக்கு மறுபடியும் மருந்து பிடிக்கும்.

"இதைச் சொல்லி உங்க அத்தான்கிட்ட மூணு தடவை போனேன். அவர் சரின்னதும் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். மூணு தடவையும் மாட்டேன்னுட்டார்."

"அவர் குணம் அதுதானே."

"மூணாவது தடவை, மழை விழுந்து எத்தனையாவது நாள் விடணும், எத்தனை நாள் மேயணும், எல்லாம் கேட்டுக்கிட்டார். கேட்டுட்டு மாட்டேன்னார்."

ஆட்டுக்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் வேலிக்குப் போனார். அத்தான் அங்கேதான் இருந்தார், அறுந்த கம்பிக்கு அந்தப் பக்கம். இவரைக் கண்டதும் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

பையிலிருந்த மனுவை எடுத்து நாலாகக் கிழித்தார் ஆட்டுக்காரர். ஒன்பது வருஷமாகச் சொல்லாத வார்த்தை.

"அத்தான்."

அத்தான் திரும்பவில்லை. ஆட்டுக்காரரின் சத்தம் கேட்டு வேலி ஓட்டையில் தயங்கி நின்ற கடாவின் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அவன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினது நான். நீயா பண்ணின? போய் மேய்டா."